நாலு பத்துக்குப் போட்ட கையெழுத்து

அத்தியாயம் 9

“தங்கமும் கெடையாது, வெள்ளியும் கெடையாது,” என்றான் பிராங்கிளின். “ஒரு டப்பா, உள்ள ஒரு சீட்டு, ஒரு பிளாஸ்டிக் டைனோசர். இத்துக்கு எண்ணூர் வெயில்ல வண்டி எடுத்துகினு போய்த் தேடறாங்க. இதுக்குப் பேரு புதையலாம். எங்க மாமனார் போடறேன்னு சொன்ன அஞ்சு சவரனே தேவல. அத்தயும் பதினோரு வருசமா தேடிகினுதான் கீறேன்.”

“அறுநூத்தி நாப்பது பேரு ஆடறாங்க,” என்றார் கமால். அவர் முகத்தில் வெட்கம் எதுவும் தெரியவில்லை.

எம்.கே.பி. நகரில் கமாலின் செல்போன் ரிப்பேர் கடை பத்துக்கு எட்டு. பாதியை அவரும் மீதியை உடைந்த போன்களும் எடுத்துக்கொண்டதால் நாங்கள் இருவரும் வாசற்படியில் நின்றுதான் விசாரித்தோம்.

நான் கௌசர். பதினாறு வருடம் கப்பல் சரக்கு இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்து, எந்த மூட்டை தானாக நனைந்தது, எதை நனைத்தார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது கல்மண்டபத்தில், ஒரு பேன்சி ஸ்டோர் மாடியில் துப்பறியும் ஆபீஸ். பிராங்கிளின் என் உதவியாளன். முன்பு காஸ் சிலிண்டர் போட்டவன் என்பதால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை அவன் ஏறாத மாடி கிடையாது. வாய் மட்டும் ரெகுலேட்டர் இல்லாத சிலிண்டர்.

என் அம்மா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அழுகை வரும், வந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. பசியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படியிருக்கும், ஆள் முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது. வேலைக்கு வந்தால் மாறும் என்றார்கள். வந்தேன், மாறவில்லை.

கேஸ் இதுதான். போன வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி சுமாருக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு கேபிள் குடோனில் திருட்டு. செம்புக் கம்பிச் சுருள்கள் போய்விட்டன. குறுக்கே வந்த வாட்ச்மேன் கோதண்டத்தின் மண்டையில் இரும்புக் குழாய் இறங்கியது. ஆள் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. மஞ்சள் தார்ப்பாய் போட்ட ஒரு லோடு ஆட்டோவைச் சந்தில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அந்தக் குடோனுக்கு இரண்டு மாதம் முன்பு வரை லோடு அடித்தவன் பென்னி. அவன் ஆட்டோவிலும் மஞ்சள் தார்ப்பாய். சனிக்கிழமை போலீஸ் அவனைத் தூக்கியது.

மஞ்சள் தார்ப்பாய் வண்டி வடசென்னையில் முந்நூறாவது இருக்கும். அதனால் பென்னி சொன்ன பதில் மட்டும் உறுதியானால் கேஸ் நிற்காது. அவன் சொன்ன பதில்: வியாழக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு நான் எட்டு கிலோமீட்டர் தள்ளி எர்ணாவூரில் இருந்தேன். கமாலின் ‘தேடு மாமு’ என்கிற புதையல் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்றாம் நம்பர் டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருந்த சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

போலீஸ் எர்ணாவூர் போய்ப் பார்த்தது. அங்கே டப்பா இல்லை. இன்ஸ்பெக்டர் சிரித்தாராம்.

வெள்ளிக்கிழமை ஜாமீன் மனு. இன்றைக்குப் புதன். பென்னியின் அக்கா ஜூடி காலையில் என் ஆபீசுக்கு வந்து, அழாமல், குரல் ஏறாமல் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அந்த டப்பாவ மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்கக்கா. அவன் பேரு அதுல கீது.” அவளுக்கு முப்பத்தொரு வயது. அப்பா அம்மா போன பிறகு, தம்பிக்குப் பத்து வயதானதிலிருந்து அவனை வளர்த்தவள். அந்தத் தட்டையான குரலை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். ஆறு வாரமாக என் தொண்டையிலிருந்தும் அதுதான் வந்துகொண்டிருக்கிறது.

“ஆட்டத்த சொல்லுங்க,” என்றேன் கமாலிடம்.

கமால் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மின்னாடி இத்த ஆடணும்னா கைல தனியா ஒரு மெஷினு வோணும்க்கா. வெளிநாட்டுக்காரன் சமாச்சாரம். நான் அத்த நம்ம போனுக்குக் கொண்டாந்தேன். பழைய போன்லயும் ஓடணும், டேட்டாவும் துண்ணக் கூடாது. மேப்புல புள்ளி காட்டும். கிட்ட போனா போன் அதிரும். அப்பால பத்தடிக்குள்ள நீயா தேடிக்கணும். டப்பா கெடச்சா சீட்டுல பேரு, தேதி, மணி எய்தணும். போன்லயும் ஒரு தட்டு தட்டி பதிவு பண்ணணும்.”

“போனே பதிவு பண்ணுதே, சீட்டு எதுக்கு?”

“நானும் சீட்டு வேணாம்னுதான் ஆரம்பிச்சேன். நம்மாளுங்க வுடல. கைய வச்சு எய்தலன்னா கண்டுபிடிச்ச மாதிரியே இல்லன்னு ஒரே பேஜாரு. அதான் டப்பாவுக்கு ஒரு சீட்டு. ஒண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும் வரிக்கு நம்பர் போட்டு நானே கோடு கிழிச்சு வைக்கிறேன்.”

“பென்னி ஏன் போன்ல பதிவு பண்ணல?”

“சார்ஜ் இல்லாம செத்துப்போச்சுன்னு சொல்றான்.”

“செத்த போன வச்சுகினு டப்பாவ எப்டி கண்டுபிடிச்சான்?” என்றான் பிராங்கிளின்.

“துப்பு போதுமே. ஹார்பர் ஏரியால போன நம்பவே முடியாது பிரதர். சுத்தி இரும்புப் பெட்டி அடுக்கியிருப்பான், நீ ரோட்ல நிப்ப, போன் உன்ன நடுக்கடல்ல நிக்கிறன்னு சொல்லும். அதான் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு துப்பு எய்திப் போடுவேன்.”

அறுபத்து மூன்றாம் நம்பரின் துப்பைத் தன் போனில் காட்டினார். பொங்கலுக்கு வந்தவன், ஆடி வந்தும் போகல.

நான் இரண்டு தடவை படித்தேன். பழைய நாளாக இருந்தால் இந்த இடத்தில் எனக்குள் ஒரு துள்ளல் வந்திருக்கும். இப்போது மூளை மட்டும் தன் வேலையைச் செய்தது.

“கமால், டப்பாவ எதுல வச்சீங்க?”

அவர் கடைக்குள்ளே எதையோ தேடுவதுபோல் குனிந்தார்.

“வண்டியிலயா?”

“வண்டி இல்லக்கா அது, லேண்ட்மார்க்!” என்றார் தலையைத் தூக்காமல். “டிரெய்லர் லாரி. பொங்கலுக்கு ஹார்பர் க்யூல வந்து நின்னுது. ஆக்சில் போச்சு. எட்டு மாசமா அங்கதான் கீது. டயர்ல காத்து இல்ல, சக்கரத்துல கொடி ஏறிப்போச்சு, அடியில நாய் குட்டி போட்டு அந்தக் குட்டி பெருசாகி அதுவும் குட்டி போட்டுச்சு. கார்ப்பரேஷன்காரங்களே அதுக்கு முன்னாடி ரைட்டு, பின்னாடி லெப்ட்டுன்னு வழி சொல்றாங்க. நான் காந்தம் வச்ச டப்பாவ அடியில ஒட்டி வுட்டேன்.”

“நகர்ற பொருள் மேல டப்பா வைக்கக் கூடாதுன்னு உங்க ஆட்டத்துல ரூல் இல்லியா?”

“கீது. நான்தான் எய்தினேன்.”

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் நாள்கணக்கில் வரிசையில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் மட்டும்தான் லாரியை அசையாச் சொத்து என்று நினைப்பான். வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டான். லாரிக்கு அடியில் என்று பென்னி சொல்லியிருந்தாலும், போலீஸ்காரர் போய் வெறும் தரையைப் பார்த்துவிட்டு, பையன் பொய் சொல்கிறான் என்று எழுதிவிட்டார். டப்பா போகவில்லை. டப்பா இருந்த இடமே கிளம்பிப் போய்விட்டது.

“கடைசியா அத்த யாரு கண்டுபிடிச்சது?” என்று கேட்டேன்.

“போன் கணக்குப்படி ஜஸீமான்னு ஒரு பொண்ணு. திருவொத்தியூர்ல மெடிக்கல் ஷாப்ல வேல பாக்குது. அதே வியாழக்கிழமை, மதியானம் ஒண்ணு இருவது. இது ரொம்ப பேரு போற டப்பா இல்லக்கா, வாரத்துக்கு ஒருத்தர் வந்தாலே ஜாஸ்தி.” ஜஸீமாவின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பிராங்கிளின் பின்னால் ஏறிக்கொண்டு விரலை மடக்கினான். “ஒண்ணு இருவதுக்கு லாரி அங்க இருந்துது. நாலு பத்துக்கு இருந்துதா, இல்லியா? இருந்துச்சுன்னா பென்னி தப்பிச்சான். இல்லன்னா மாட்டினான். கேஸே இவ்ளோதான்க்கா.”

“இவ்ளோதான்,” என்றேன்.

*

எர்ணாவூரில் சாலையோரம் ஒரு நீள்சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. சுற்றிலும் எட்டு மாதத் தூசி. நாலு நாய்கள் வீடு காலியானவர்களைப் போல அந்த நீள்சதுரத்திலேயே படுத்திருந்தன. எதிரே அஜீசுன்னிசாவின் டீக்கடை. அறுபது வயதுக்காரி, கண்ணில் புகை படாமல் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தே பேசினாள்.

“அந்த வண்டியா? வியாழக்கெழம போச்சும்மா. அது போனதுலேர்ந்து மூஞ்சியில வெயிலு. எட்டு மாசம் எனக்கு அதான் நெழலு.”

“எத்தினி மணிக்கு ஆயா?” என்றான் பிராங்கிளின்.

“ஆயாவா? உன் மூஞ்சிக்கு நான் ஆயாவா?”

“தப்பு. எத்தினி மணிக்கு அக்கா?”

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெக்கானிக் வந்தான். ஆக்சில் மாத்தி, டயர் மாட்டி, ஆறரைக்கு இஸ்துகினு பூட்டாங்க.”

பிராங்கிளின் என் கையைக் கிள்ளினான். நாலு பத்துக்கு லாரி இங்கேதான் இருந்திருக்கிறது.

நான் பென்னியின் போட்டோவைக் காட்டினேன். “நாலு மணி சுமாருக்கு இந்தப் பையன் வந்து வண்டிக்கு அடியில பூந்தானா?”

அவள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “அப்பப்போ எவனாச்சும் போனைப் பாத்துகினு வர்றான், வண்டிக்கு அடியில படுக்கறான், எய்ந்து சிரிச்சுகினே போறான். மொதல்ல கஞ்சான்னு நெனச்சேன். அப்பால பழகிப்போச்சு. எவன்னு பாக்கறது?”

“மெக்கானிக் யாரு?”

“மணலி புதுநகர் வில்சன். பட்டறை வச்சுகினு கீறானே.”

டீக்குக் காசு கொடுத்தபோது பிராங்கிளின் பாடாத குறை. எனக்கும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. இருக்கவில்லை. டீ சூடாக இருந்தது என்பதுகூட நாக்கு வெந்த பிறகுதான் தெரிந்தது.

*

வில்சனின் பட்டறையில் அந்த டிரெய்லர் ஜாக்கிமேல் நின்றது. கழுவி, பச்சைப் பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பிராங்கிளின் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அடியில் புகுந்தான். ஐந்து நிமிடம் கழித்துக் கரியும் பெயின்டுமாக வெளியே வந்தான். டப்பா இல்லை.

“இன்னா தேடறீங்க?” என்றார் வில்சன். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு கனத்த மனிதர்.

“காந்தம் வச்ச சின்ன டப்பா. கறுப்புக் கலரு.”

வில்சனின் முகம் மாறியது. பட்டறைப் பையன்கள் மற்ற வண்டிகளுக்குப் பின்னால் நகர்ந்தார்கள்.

“நீங்க ஓனர் ஆளா?”

“இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா. அந்த ஓனர் பேருகூட எங்களுக்குத் தெரியாது.”

வில்சன் மூச்சுவிட்டார். “நான் டிராக்கர்னு நெனச்சுட்டேம்மா. வண்டி எங்க போவுது, டிரைவரு எங்க தூங்கறான்னு பாக்கறதுக்கு ஓனருங்க இப்டித்தான் சொல்லாம ஒட்டி வுடுவானுங்க. பாவம், டிரைவரு நல்லவன். அதான் கய்ட்டி வேற வண்டில ஒட்டிட்டேன்.”

“தெறந்து பாக்கலியா?”

“அத்தத் தெறந்தா ஓனருக்கு மெசேஜ் போவுமாமே. இவங்க சொன்னானுங்க.” பையன்களைக் கை காட்டினார்.

“எந்த வண்டில ஒட்டினீங்க?”

“தண்ணி லாரில. நாள் முழுக்க ஊர் சுத்தட்டும், ஓனரு மண்டையப் பிச்சுக்கட்டும்னு.”

பிராங்கிளின் என் பக்கம் திரும்பினான். “அக்கா, நம்ம புதையல் இப்போ மணலிக்குத் தண்ணி சப்ளை பண்ணிகினு கீது.”

தண்ணி லாரி மூன்றரைக்கு வரும் என்றார்கள். நாலேகாலுக்கு வந்தது. அதுவரை பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தோம். காற்றில் ரிஃபைனரி வாடை. பிராங்கிளின் ஜூடிக்குப் போன் செய்து நல்ல செய்தி சொல்லவா என்று மூன்று தடவை கேட்டான். டப்பா கைக்கு வரட்டும் என்று மூன்று தடவையும் சொன்னேன். எச்சரிக்கையால் சொல்லவில்லை. யாரிடமும் பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

லாரி வந்ததும் பிராங்கிளின் மறுபடி சட்டையைக் கழற்றினான். டாங்க் எல்லாப் பக்கமும் ஒழுகியது. “ஞானஸ்நானம் ஒரு வாட்டிதான்னு ஃபாதர் சொல்லியிருக்காரு,” என்று கத்திக்கொண்டே உள்ளே போனான். வெளியே வரும்போது கையில் கறுப்பு டப்பா இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, ரப்பர் மூடி இறுக்கமாக இருந்ததால் உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை.

அவன் கை ஈரம் என்பதால் நான்தான் திறந்தேன். ஒரு பிளாஸ்டிக் டைனோசர். ஒரு சின்னப் பென்சில். நாலாக மடித்த சீட்டு.

“கீதா? கீதா?”

இருந்தது. வியாழக்கிழமைத் தேதி. பென்னி. 4.10. நீல மசியில், கீழே ஒரு கோடு இழுத்த கையெழுத்து. ஜூடி காலையில் கொடுத்த அவன் லைசென்ஸ் நகலில் இருந்ததும் அதே கையெழுத்துதான்.

பிராங்கிளின் கத்திய கத்தலில் பட்டறை நாய் குரைத்தது. வில்சனைக் கட்டிப்பிடித்து அவருக்கும் பாதி ஞானஸ்நானம் கொடுத்தான். “லாரி இருந்துது, டப்பா இருந்துது, கையெழுத்து கீது, மணி கீது. அக்கா, இன்ஸ்பெக்டர் சிரிச்சாரே, இப்போ சிரிக்கச் சொல்லு. நான் போட்டோ எடுத்துக்கறேன்.”

நான் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருடம் சரக்குப் பட்டியல் படித்த கண், ஒரு வரியைப் படித்தால் மேல் வரியையும் கீழ் வரியையும் சேர்த்துத்தான் படிக்கும். பழக்கம்.

“பிராங்கி, இங்க வா. பென்னி பேரு எத்தினாவது வரி?”

“பதினொண்ணு.”

“பன்னெண்டு?”

அவன் குனிந்தான். சத்தமாகவே படித்தான். “ஜஸீமா. வியாழக்கெழம. ஒண்ணு இருவது.” சிரிப்பு வாயிலேயே இருக்க, கண் மட்டும் மறுபடி மேலே போயிற்று, கீழே வந்தது. “அக்கா, ஒண்ணு இருவது எப்டி நாலு பத்துக்குக் கீழ கீது?”

ஜஸீமாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டேன். கடையில் கூட்டம் போலிருந்தது, யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக்கொண்டே பேசினாள்.

“அறுவத்து மூணா? ஆமாக்கா, லஞ்ச் டைம்ல போய் எடுத்தேன். எனக்கு முன்னாடியே ஒருத்தர் எழுதி இருந்தாரே, பென்னின்னு. நாலு பத்துன்னு போட்டிருந்துச்சு. எனக்கு ஒரே சிரிப்பு.”

“ஏன் சிரிப்பு?”

“விடிகாலை நாலு பத்துக்கு எவனாச்சும் எழுந்து போய் புதையல் தேடுவானா? நான் தூங்கிட்டே இருந்துட்டேன், இல்லன்னா அன்னிக்கு நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு நெனச்சுக்கிட்டேன். ஏன்க்கா, எதாச்சும் பிரச்னையா?”

“ஒண்ணுமில்லம்மா. வச்சுடறேன்.”

பிராங்கிளின் அந்த விடிகாலையைப் பிடித்துக்கொண்டான். “விடிகாலைதான்க்கா! அவன் காலைல நாலு பத்துக்குப் போயிருக்கான், அத்த தப்பா...” அவனே நிறுத்தினான். போலீசிடமும் அக்காவிடமும் பென்னி சொன்னது சாயங்காலம் நாலு பத்து. விடிகாலை என்றாலும், குடோனில் கோதண்டம் விழுந்த நேரத்துக்கு அந்தச் சீட்டு சாட்சி ஆகாது.

“சீட்ட எப்போ எழுதியிருப்பான்?” என்று கேட்டான், குரல் இறங்கி.

“ஒண்ணு இருவதுக்கு மின்னாடி. எப்போன்னு தெரியல. அப்பால போன ஆஃப் பண்ணிட்டான். போன்ல பொய் சொல்ல முடியாது பிராங்கி, தட்டின மணிய அதுவே போட்டுக்கும். சீட்டு அப்டி இல்ல, எழுதினத வாங்கிக்கும். வாரத்துக்கு ஒருத்தன் வர்ற டப்பாவா பாத்து எடுத்திருக்கான். அன்னிக்கே ஒரு பொண்ணு லஞ்ச் டைம்ல வரும்னு அவனுக்கு எப்டி தெரியும்?”

“சும்மா வெளாட்டுக்கு மணிய மாத்திப் போட்டிருக்கலாமே?”

“அதே நாளு, அதே மணிக்கா?”

செய்யாதவனுக்கு முன்கூட்டியே சாட்சி எதற்கு? செம்புக் கம்பி எடுக்கத் திட்டம் போட்டிருக்கிறான். கோதண்டம் குறுக்கே வருவார் என்று அவன் திட்டத்தில் இருந்திருக்காது. ஆனால் குழாய் அவன் கையில் இருந்திருக்கிறது.

நான் சீட்டை மடித்து டப்பாவில் வைத்தேன். பிராங்கிளின் ஈர உடம்பிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டன்களை ஒவ்வொன்றாக, மெதுவாகப் போட்டான். ஜூடியின் வீடு இருந்த காலடிப்பேட்டை வரும்வரை ஒரு ஜோக்கும் வரவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

*

ஜூடி ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க். உள்ளே வரும் பெட்டி, வெளியே போகும் பெட்டி எல்லாவற்றையும் நம்பர் நம்பராக எழுதுகிற வேலை. நாங்கள் போனபோது ஷிப்ட் முடிந்து வந்து, மாடி அறையில் ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் பென்னி போட்டுக்கொள்வதற்கு.

“கெடச்சுதா?” என்றாள்.

“கெடச்சுது.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு கையை நீட்டினாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். அவள் நீட்டிய கையைப் பார்த்ததும் அதெல்லாம் போய்விட்டது. டப்பாவைக் கொடுத்தேன்.

சீட்டைப் பிரித்தாள். தம்பியின் பெயரைப் பார்த்ததும் முகத்தில் ஒரு தளர்ச்சி வந்தது, நாள் முழுக்க மூட்டை சுமந்தவன் இறக்கும்போது வருமே, அது. பிறகு அவள் விரல், தானாகவே, ஒரு வரி கீழே இறங்கியது. அங்கேயே நின்றது.

ஸ்விட்சை அணைத்தாள். சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“ஒரு நாளைக்கு முந்நூறு வரி எய்தறேன்க்கா,” என்றாள். குரல் காலையில் இருந்த அதே தட்டையான குரல். “மேல கீறது மின்னாடி வந்தது. கீழ கீறது பின்னாடி வந்தது. இதுல யாரும் என்ன ஏமாத்த முடியாது.”

“வேற வழியாவும் யோசிச்சுப் பாத்தேன் ஜூடி.”

“எனக்குத் தெரியும். நீங்க வர்றதுக்கு லேட்டாச்சே.” சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “அந்தப் பொண்ணுகிட்ட பேசினீங்களா?”

“பேசினேன்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“எங்க ரெண்டு பேருக்குத்தான்.”

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அந்தச் சீட்டு இரண்டாகிவிடும். கிழித்தால் தடுத்திருப்பேனா? தெரியாது. இத்தனை வருடத் தொழிலில் அந்தக் கேள்விக்கு எனக்கு எப்போதும் பதில் இருந்தது. அன்றைக்கு இல்லை. பிராங்கிளின் சுவரைப் பார்த்து நின்றான்.

“கோதண்டத்துக்கு யாரு கீறாங்க?” என்றாள்.

“சம்சாரம். ரெண்டு பொண்ணு. சம்சாரம் ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் கீறாங்க, வியாழக்கெழமலேர்ந்து.”

ஜூடி தலையசைத்தாள். சீட்டை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்து, டப்பாவில் வைத்து, ரப்பர் மூடியை அழுத்தினாள். சுற்றும் முற்றும் பார்த்து, வெள்ளைச் சட்டையையும் எடுத்து ஒரு துணிப் பையில் போட்டாள்.

“குடு, நான் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்துடறேன்,” என்றேன். “நீ வர வேணாம்.”

“அவன ஆறாவதுல சேத்தப்ப நான்தான் போனேன். அப்பா கையெழுத்துக்குப் பதிலா நான் போட்டேன். லைசென்ஸ் வாங்கறப்ப நான் போனேன். இத்துக்கு மட்டும் வேற ஆளு போனா அவனுக்கு பயமாப் பூடும்.” செருப்பைக் காலால் துழாவி மாட்டினாள். “நானே குடுக்கறேன். ஏன் பண்ணன்னு நானே கேக்கறேன்.”

மூவரும் கீழே இறங்கினோம். வெயில் சாய்ந்து தெரு முழுக்க மஞ்சளாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் பையைத் தெருவில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பிராங்கிளின்தான் சாவியை வாங்கி வண்டியில் போட்டான். “தண்டையார்பேட்டைக்கு நாலு கிலோமீட்டர் கீது. நீங்க ரெண்டு பேரும் ஏறிக்கோங்க, நான் பஸ்ல வர்றேன்.”

ஜூடி பையை மார்போடு அணைத்துக்கொண்டு அதற்குள் நாலு எட்டு நடந்துவிட்டாள்.

“வண்டி வேணாம்க்கா, நடந்தே போலாம்,” என்றாள் திரும்பாமல். “ஸ்டேஷன் போய்ச் சேர்ற வரைக்குமாச்சும் அவன் இத்தப் பண்ணல.”